காயலான் கடைக்கு வந்த ஹெலிகாப்டர்: ஏன் அறுத்தார்கள், இனி பறக்குமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூலக்கொத்தளம் பக்கம் ஒரு காயலான் கடையில் பழைய ஹெலிகாப்டர் ஒன்று கிடக்கிறதாம். முகப்பு முழுக்கக் கண்ணாடிக் குமிழ், வால் வெறும் கம்பிச் சட்டம். கடைக்கார பாய் “பெல் 47, எங்கேயோ விழுந்தது” என்கிறார். மேலே சுற்றும் பிளேடு இரண்டையும் பல துண்டுகளாக அறுத்துப் போட்டிருக்கிறார்கள். சீட்டுக்குப் பக்கத்தில் நான்கு ரிவெட் ஓட்டைகள் இருக்கின்றன, அங்கே இருந்த தகட்டைக் காணோம். நல்ல பொருளை ஏன் அறுக்கணும், சரிசெய்தால் பறக்குமா, வாங்கி மொட்டை மாடியில் வைக்கலாமா என்பது அவர் கேள்வி. கடையில் எடுத்த நாலைந்து படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

ஹெலிகாப்டர் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். முதலில் சுருக்கமான பதில்: பறக்காது, அறுத்தது சரி, வாங்கலாம். ஆனால் எடைக்கு என்ன விலையோ அந்த விலைக்கு, அதுவும் சில சாமான்களைக் கழற்றிய பிறகு. மற்றதெல்லாம் விளக்கம்தான்.

பாய் பேர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். படத்தில் இருப்பது பெல் 47 குடும்பம்தான். சிவில் பயன்பாட்டுக்கு உலகத்திலேயே முதலில் சான்றிதழ் வாங்கிய ஹெலிகாப்டர் அது, 1946 மார்ச் 8இல். ஆர்தர் யங் என்பவர் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் சின்னச் சின்ன மாடல்களைப் பறக்கவிட்டு, விழுந்து உடைந்ததையெல்லாம் திரும்பக் கட்டி, கடைசியில் ரோட்டாருக்கு, அதாவது மேலே சுற்றும் பிளேடுத் தொகுதிக்கு, குறுக்கே எடை கட்டிய ஒரு கம்பியை வைத்தால் ஆட்டம் அடங்குகிறது என்று கண்டுபிடித்தார். அந்தக் கம்பி மூலக்கொத்தளத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள், பிளேடுக்குச் செங்குத்தாக, இரண்டு முனையிலும் குண்டு வைத்திருக்கும். அமெரிக்காவில் 1974 வரை செய்தார்கள். இத்தாலியில் அகுஸ்டா, ஜப்பானில் கவாசாகி, இங்கிலாந்தில் வெஸ்ட்லேண்ட் ஆகியவை உரிமம் வாங்கிச் செய்ததையும் சேர்த்தால் 5,600க்கு மேல். கொரியப் போரில் இரண்டு பக்கமும் ஸ்ட்ரெச்சர் கட்டிக் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தது இதுதான். நம் விமானப்படையும் வைத்திருந்தது. வயலுக்கு மருந்தடிக்க, மின்கம்பி பார்க்க, பைலட்டுக்குப் பாடம் நடத்த என்று உலகம் முழுக்க உழைத்த வண்டி. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1984இல் ஒன்றை வாங்கிக் கூரையிலிருந்து தொங்கவிட்டது.

சரி, இது விழுந்த வண்டியா? பாய் சொல்வதில் எனக்குச் சந்தேகம். குமிழ் அக்ரிலிக். முகம் தரையில் மோதினால் முதலில் நொறுங்குவது அதுதான். படத்தில் குமிழ் முழுசாக இருக்கிறது, மங்கியிருக்கிறதே தவிர விரிசல் இல்லை. அடுத்த முறை போகும்போது கீழே சறுக்குக்கட்டைகளை இணைக்கும் குறுக்குக் குழாய் இரண்டையும் பாருங்கள். பலமாக இறங்கியிருந்தால் அவை கவட்டை விரிந்த மாதிரி அகன்றிருக்கும். வால் சட்டத்தையும் பாருங்கள். தரையில் அடித்து இறங்கும்போது பிளேடு கீழே வளைந்து தன் வாலையே வெட்டிவிடும், அது இந்த ரகத்தில் சகஜம். வெட்டு மேலிருந்து கீழாகச் சாய்ந்திருந்தால் பாய் சொன்னது உண்மை. ரம்பத்தால் நேராக அறுத்த வெட்டு என்றால், ஏதாவது பயிற்சிக் கல்லூரியில் மாணவர்கள் கழற்றி மாட்டிப் பழகிய வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விழுந்ததாகவே வைத்துக்கொள்வோம். எப்படி விழுந்திருக்கும்? மருந்தடிக்கும் ஹெலிகாப்டருக்கு முதல் எமன் மின்கம்பி. இன்ஜின் நின்றால் நேரே கீழே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. பைலட் உடனே பிளேடின் கோணத்தைக் குறைத்துவிட்டால், கீழிருந்து மேலே போகும் காற்றே ரோட்டாரைச் சுற்ற வைக்கும். தரைக்குச் சற்று மேலே அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெதுவாக உட்கார்ந்துவிடலாம். அதற்கு ஒன்று உயரம் வேண்டும், இல்லையென்றால் வேகம் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் நிற்காதே என்று ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் ஒரு வரைபடம் போட்டிருப்பார்கள். தாழ்வாகவும் மெதுவாகவும் போகிற வேலைகள் பலவும் அந்த வரைபடத்தின் ஆபத்தான பகுதியில்தான் நடக்கின்றன. இன்னொன்று, இந்த மாதிரி இரண்டு பிளேடு ஊஞ்சலாடும் ரோட்டாருக்கே உரிய வியாதி. மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது மூக்கைத் திடீரென்று கீழே அழுத்தினால் ரோட்டாரின் மேல் எடை இல்லாமல் போகும். அப்போது வண்டி பக்கவாட்டில் சாயும். பைலட் பதறி எதிர்ப்பக்கம் இழுத்தால் ரோட்டாரின் நடுப்பகுதி அதைத் தாங்கும் மாஸ்ட்டிலேயே போய் இடிக்கும். மாஸ்ட் முறிந்தால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய சின்ன ஹெலிகாப்டரில் கருப்புப் பெட்டி கிடையாது. ஆய்வாளர் உடைசலையே படிக்க வேண்டும். ரோட்டார் வேகமாகச் சுழலும்போது மையவிலக்கு விசைதான் பிளேடை நேராக இழுத்துப் பிடிக்கிறது. பிளேடு இரண்டும் மேல்நோக்கி வளைந்திருந்தால், விழும்போது சுழற்சி செத்துப்போயிருந்தது என்று அர்த்தம். பிளேடு துண்டு துண்டாகத் தூரமாகத் தெறித்திருந்தால் நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வாலுக்குப் போகும் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு அறுந்திருந்தால் அந்த நொடியில் இன்ஜின் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. முறுக்கு இல்லாமல் வெறுமனே மடங்கியிருந்தால் தள்ளவில்லை. எச்சரிக்கை விளக்கின் சின்ன பல்பைக்கூட விடமாட்டார்கள். எரியும் பல்பின் இழை சூட்டில் மென்மையாக இருக்கும், மோதல் அதிர்ச்சியில் சுருள் நீண்டுவிடும். அணைந்திருந்த பல்பின் இழை நீளாது, பட்டென்று முறியும். அதை வைத்து எந்த விளக்கு எரிந்தது, பைலட் என்ன எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிடலாம். மீட்டரின் முள் மோதும் வேகத்தில் டயலில் ஒரு மெல்லிய கீறலை விட்டிருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் அந்த நேரத்து அளவு தெரியும்.

முறிந்த உலோகத்தின் முகமும் பேசும். ஒரே அடியில் முறிந்தது என்றால் சொரசொரப்பாக இருக்கும். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி நாள்பட வளர்ந்த களைப்பு விரிசல் என்றால் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வரி வரியாக இருக்கும். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் பெரம்பூர் லோகோ பட்டறையிலும் ரயில் அச்சைச் சோதிக்கிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1968 ஆகஸ்ட் 14 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஏர்வேஸின் எஸ்-61எல் ஹெலிகாப்டர் ஒன்று காம்ப்டன் என்ற ஊரில் விழுந்து 21 பேர் செத்தார்கள். அந்த மாடலில் முதலாவதாகச் செய்த ஹெலிகாப்டரே அதுதான். ஒரு பிளேடைப் பிடித்திருந்த ஸ்பிண்டிலில் களைப்பு விரிசல். அந்த இடத்தில் உலோகம் தேவையான கடினத்தில் இல்லை, மேற்பரப்பைச் சிறு குண்டுகளால் அடித்துப் பதப்படுத்தும் வேலையும் சரியாக நடக்கவில்லை. மேலே இருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருந்திருக்கும்.

நம் நாட்டில் 2012 முதல் இதற்கென்று விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு தனியாக இருக்கிறது. உடைசல் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கும், அவர்கள் விடுவிக்கும்வரை சொந்தக்காரர்கூடத் தொட முடியாது. உலக விதிப்படி 30 நாளில் முதற்கட்ட அறிக்கை, முடிந்தால் 12 மாதத்துக்குள் இறுதி அறிக்கை. யார் குற்றவாளி என்று தீர்ப்பு சொல்வது அந்த விசாரணையின் வேலை இல்லை. குன்னூரில் 2021 டிசம்பர் 8 அன்று விழுந்தது விமானப்படையின் எம்ஐ-17. அதற்கு முப்படை விசாரணை, இந்த வழியில் வராது. 2009 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி போன பெல் 430 மாதிரி மலையில் மோதிச் சிதறினால், அடுத்த பிறவி என்று பேச ஒன்றும் மிஞ்சுவதும் இல்லை. ஓரளவு உருவத்தோடு மிஞ்சியதுதான் அடுத்த கட்டத்துக்குப் போகும். செப்பனிடும் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர் முழுத்தொகையைக் கொடுத்துவிட்டு உடைசலை எடுத்துக்கொள்வார், அப்புறம் ஏலம்.

ஏலத்தில் எடுப்பவர் எதைப் பார்த்து விலை சொல்கிறார்? நம்மைப் போல உருவத்தைப் பார்க்க மாட்டார். ஓடிக்கொண்டிருந்த ரோட்டார் தரையில் பட்டு ஒரு நொடியில் நின்றால், அந்த அதிர்ச்சி மாஸ்ட் வழியாக கியர்பாக்ஸுக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும். வெளியே கீறல்கூட இருக்காது. அதனால் அத்தனையையும் பிரித்து, எஃகு பாகங்களைக் காந்தப்பொடி போட்டும் அலுமினியத்தைச் சாயம் ஊற்றியும் விரிசல் தேட வேண்டும் என்பது கட்டாயம். தீப்பிடித்திருந்தால் இன்னும் மோசம். அலுமினியக் கலவை உருகாமல், வளையாமல், பழைய வடிவத்திலேயே நின்றுகொண்டு தன் பலத்தை மட்டும் இழந்துவிடும். கடலில் விழுந்தது என்றால் காசிமேட்டு விசைப்படகுக்காரரைக் கேளுங்கள், உப்புத்தண்ணீர் என்ன செய்யும் என்று. பழைய ஹெலிகாப்டர்களில் கியர்பாக்ஸ் உறை பலவும் மெக்னீசியக் கலவை. தூக்கியவுடன் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் சீக்கிரமே பொரிந்து கொட்டும்.

அப்புறம் காகிதம். ஹெலிகாப்டரின் முக்கிய பாகங்களுக்கெல்லாம் ஆயுள் உண்டு, மணிக்கணக்கில். இன்று ஊரெல்லாம் பறக்கும் ராபின்சன் ஆர்44ஐ 2,200 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது முழுசாகப் பிரித்து மேய வேண்டும். பிளேடு, மாஸ்ட், பிளேடுகளை இணைக்கும் ஹப் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை: எந்த நாளில் எந்த வண்டியில் ஏறியது, எத்தனை மணி ஓடியது, யார் கையெழுத்து. அந்த அட்டை தொலைந்தால் அந்தப் பாகம் புத்தம்புதுசாக மின்னினாலும் குப்பை. ஏனென்றால் இன்னும் எவ்வளவு ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் கணக்கில், விழுந்த ஹெலிகாப்டரில் அதிக விலைக்குப் போவது இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் லாக் புக், அதாவது இந்தப் பதிவுப் புத்தகம்தான்.

இப்போது அறுத்த விஷயம். 1995 டிசம்பர் 20 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 757 கொலம்பியாவில் காலி என்ற பெயருள்ள நகரத்துக்குப் பக்கத்து மலையில் மோதியது. மீட்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதே திருடர்கள் ஏறி, காக்பிட் கருவிகளையும் இன்ஜின் பாகங்களையும் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவை மயாமியின் கள்ளச்சந்தையில் தலைகாட்டின. செத்த விமானத்தின் பாகம் உயிரோடு இருக்கும் விமானத்தில் ஏறிவிடக்கூடாதே என்று விமான நிறுவனம் காணாமல் போனவற்றின் வரிசை எண்களைப் பக்கம் பக்கமாக அச்சிட வேண்டியதாயிற்று. 1989 செப்டம்பர் 8 அன்று நார்வேயின் பார்ட்னேர் கம்பெனி விமானம் டென்மார்க் கடலில் விழுந்து 55 பேர் செத்ததற்கு, வால் பகுதியில் இருந்த போலி போல்ட்டுகளும் காரணம்.

அதனால்தான் ஆயுள் முடிந்த பாகத்தை எடைக்குப் போடுவதற்கு முன் சிதைக்கச் சொல்கிறார்கள். அமெரிக்க விமானத்துறை 1994இல் இதற்கென்று ஒரு வழிகாட்டி போட்டது. அதில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பெயிண்ட் அடிப்பது, ஓட்டை போடுவது, சுத்தியலால் தட்டுவது போதாது, இரண்டாக அறுப்பதுகூடப் போதாது. கைதேர்ந்தவர்கள் ஒட்டிச் சேர்த்துவிடுவார்களாம். நம் ஏரியா லேத்துப் பட்டறைகளைப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்னவோ! ஆகவே நீங்கள் பார்த்த பிளேடு துண்டுகள் யாரோ பொறுப்பாக வேலை செய்ததற்கு அடையாளம். பழைய பெல் 47 பிளேடு என்றால் உள்ளே மரமாகவும் இருக்கலாம், ஒட்டி அடுக்கிய மரம். பிந்தியவை முழு உலோகம்.

நான்கு ரிவெட் ஓட்டை பற்றிச் சொல்கிறேன், உங்கள் கேள்வியிலேயே சுவாரசியமானது அதுதான். அங்கே இருந்தது வண்டியின் டேட்டா பிளேட்: செய்த கம்பெனி, மாடல், வரிசை எண். புதுப்பேட்டையில் பைக்கின் சேஸிஸ் நம்பருக்கும் ஆர்.சி.க்கும் என்ன மரியாதையோ அதேதான் இங்கேயும். சட்டப்படி வண்டி என்பது அந்தத் தகடும் அதோடு சேர்ந்த புத்தகங்களும். பெல் 47க்கான உரிமையை 2010 முதல் மினசோட்டாவில் ஸ்காட்ஸ்-பெல் 47 என்ற கம்பெனி வைத்திருக்கிறது. இந்த ரகத்துக்குப் பாகங்கள் கிடைப்பதால், நொறுங்கிய ஒரு வண்டியின் தகட்டை வைத்துக்கொண்டு சட்டம், வால், பிளேடு, இன்ஜின் எல்லாம் வேறு வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து கட்டி, ஒவ்வொன்றுக்கும் முறையாகச் சான்று வாங்கிப் பறக்க விடுகிறவர்கள் உண்டு. ஆவணத்தில் அது 1950களின் ஹெலிகாப்டர், உடம்பில் பழைய பாகம் கொஞ்சம்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தகட்டை மட்டும் தனியாக விற்று, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத உடம்பில் அடிப்பதுதான் அயோக்கியத்தனம். அனுமதி இல்லாமல் தகட்டைக் கழற்றுவதே அமெரிக்காவில் விதிமீறல்.

மூலக்கொத்தளத்துத் தகடு எங்கே போயிருக்கும்? கழிவாக அறிவித்தபோதே சொந்தக்காரர் கழற்றியிருக்கலாம். யாராவது ஞாபகார்த்தமாக எடுத்திருக்கலாம். எப்படியோ, தகடும் லாக் புக்கும் இல்லாத அந்த உடம்புக்கு நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ பறக்கும் தகுதிச் சான்று கொடுக்க வழியே இல்லை. அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனம் எதுவும் அதில் ஒரு ஸ்பேனரைக்கூட வைக்காது. யூடியூப் பார்த்து இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். சமநிலை இல்லாத ரோட்டார் நின்ற இடத்திலேயே வண்டியை உதறிக் கவிழ்த்துவிடும்.

பயணிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஹெலிகாப்டருக்கும் வேறு பிழைப்பு உண்டு. 1986 நவம்பர் 6 அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே சம்பர்க் அருகே எண்ணெய்க் கிணற்று ஆட்களை ஏற்றி வந்த, முன்னும் பின்னும் ஒவ்வொரு ரோட்டார் உள்ள சினூக் ஹெலிகாப்டர் ஒன்றின் முன்பக்க கியர் உடைந்தது. இரண்டு ரோட்டாரும் ஒன்றோடொன்று மோதி 45 பேர் செத்தார்கள், இருவர் மட்டும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த ரகத்தில் ஏறப் பயணிகள் தயாராக இல்லை. மிச்சமிருந்த சினூக்குகளை அமெரிக்காவின் ஆரெகனில் வெட்டிய மரங்களைத் தூக்கும் வேலைக்கு வாங்கிக்கொண்டார்கள், அங்கே நன்றாகவே உழைத்தன. கியர்பாக்ஸின் அதிர்வை இடைவிடாமல் கண்காணிக்கும் கருவிகள் வட கடல் ஹெலிகாப்டர்களுக்கு வந்ததில் அந்த விபத்துக்குப் பெரிய பங்கு.

கடைசியாக, வாங்குவது. எடை போடுவதற்கு முன் பாயிடம் இதையெல்லாம் சொல்லுங்கள், அவருடைய ஆட்களுக்காகவும்தான். பழைய மீட்டர்களின் முள்ளிலும் எண்ணிலும் பூசியிருப்பது நிஜ ரேடியமாக இருக்கலாம். வண்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் இல்லை, கதிர்வீச்சு உள்ள ரேடியம். இருட்டில் மின்னவில்லை என்பதால் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மின்னும் பூச்சுதான் செத்திருக்கும், ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடியைத் திறக்காமல், சுரண்டாமல் தனியாக வைத்துவிட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட கருவியை காயலான் கடையில் பிரித்தபோது உள்ளே கோபால்ட்-60 இருந்தது, ஒருவர் உயிரே போனது. கியர்பாக்ஸ் உறையில் கேஸ் கட்டிங் வைக்கக்கூடாது. மெக்னீசியம் பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் எரியும், காய்ந்த மணல்தான் போட வேண்டும். தங்க மஞ்சளாக மினுக்கும் போல்ட்டுகள் காட்மியம் பூசியவை, அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். இன்ஜின் இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வுகளை அறுக்க வேண்டாம், உள்ளே சோடியம் இருக்கலாம்.

இதெல்லாம் போக மிஞ்சும் குமிழும் சட்டமும் வாலும் உங்களுக்கு. மாடிக்குக் கொண்டுபோனால் கதவு இரண்டையும் கழற்றிவிடுங்கள், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகட்டும். 2016 வர்தா புயல் மாதிரி ஒன்று வந்தால் அந்தக் குமிழ் பாராசூட் வேலை பார்க்கும், அதனால் கைப்பிடிச் சுவரில் கட்டாமல் தளத்தில் போல்ட் இறக்கிக் கட்டுங்கள். குமிழைத் துடைக்க சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். தின்னர், பெட்ரோல் பட்டால் அக்ரிலிக் முழுக்க மயிரிழை விரிசல் விடும். வால் குழாய்கள் எஃகு. தண்டையார்பேட்டை கடல்காற்றுக்கு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒவ்வொரு குழாயிலும் சின்ன ஓட்டை போட்டுக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை விட்டுப் புரட்டி, மிச்சத்தை வடித்துவிட்டு ஓட்டையை ஸ்க்ரூ போட்டு அடைத்துவிடுங்கள்.